இருபத்திரண்டும் ஒன்றும்

சத்தியம். இனி நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் அறுநூற்றுப் பன்னிரண்டு வாத்துகள் மேல் ஆணை, முட்டையிடாத நாற்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு எழுத்து பொய்யென்றால் என் நாக்கில் பாசி படரட்டும், காதுக்குள் கெளுத்தி குடியேறட்டும். முன்பு நான் சொன்னவற்றில் கொஞ்சம் கூடுதல் குறைச்சல் இருந்திருக்கலாம். முதலை என் வேட்டியைப் பிழிந்து காயப்போட்டது என்றது பொய்தான், அது பிழிந்தது மட்டும்தான், காயப்போட்டது நான். ஆனால் இது அப்படியில்லை. இது ஒரு வியாழக்கிழமை காலை, பதினொன்று அடித்ததிலிருந்து பதினொன்றே முக்கால் தாண்டும் வரைக்கும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற நியூ பிரகாஷ் முடிதிருத்தகத்தில், ஒரு மனுஷனின் தலைக்குள் நடந்தது. தலைக்கு வெளியே நடந்தது ரொம்பக் கொஞ்சம். அரைக் கன்னம் சவரம், அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் நாற்காலியில் மல்லாந்திருந்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கொஞ்சம் இறுக்கம், எச்சில் விழுங்கினால் துணி தெரிந்தது. மாடக்கண்ணு பிரஷ்ஷால் நுரையைக் குழைத்துக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார், அந்த மெத்துமெத்தில் கண் தானாகச் செருகியது, அதற்கு முன்பே அபாயச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. இவன் கடை வாசலுக்கு வரும்போது, பதினொன்று அடித்த கையோடு. ஊருக்குள் இருக்கிற சங்கு முதலில், வயிற்றுக்குள்ளிருந்து கிளம்புகிற மாதிரி, அப்புறம் தூரத்தில் ஒன்று, அப்புறம் ஓய்ந்துவிட்டது. குரங்குமுடி அணையில் மதகு திறக்கப்போகிறார்கள், ஆற்றுக்குள் யாரும் இருக்கக்கூடாது என்று அர்த்தம். அந்தச் சங்கை ஊதுவது சொரிமுத்து இல்லை, கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்பவன்தான் சொரிமுத்து. ஊதுவது ஆவுடையப்பன் கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்த ஸ்கிரிப்ட். கரையோரம் இருபத்து மூன்று இடம், இருபத்து மூன்று சங்கு, ஒரு டேபிளில் ஒன்று இரண்டு என்று வரிசையாக. டேபிள் என்றால் சோறு தின்கிற மேசை இல்லை. கம்ப்யூட்டருக்குள் நம்பர் போட்டு அடுக்கி வைக்கிற பட்டியல், அவ்வளவுதான். பெரிய வேலையெல்லாம் யாரோ பெரிய கம்பெனி செய்துவிட்டுப் போனது, இவனிடம் வந்தது எடுபிடி வேலை. பட்டியலை நகலெடுக்க ஒரு ஃபங்ஷன், விசேஷ வீட்டு ஃபங்ஷன் இல்லை, நாலு வரிக் கட்டளை, இரண்டு பட்டியலை ஒன்றாக்க ஒன்று, தலைகீழாகப் புரட்ட ஒன்று, வேண்டாததைத் தூக்கிப்போட ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு 'சில்லறை வேலைகள்' என்று பெயர் வைத்திருந்தான். அந்தப் பெயரில் ஒரு அடக்கம் இருந்தது, அடக்கத்துக்குள் ஒரு கர்வமும் இருந்தது, சங்கு ஊதும்போதெல்லாம் அந்தக் கர்வம் நுரை மாதிரி பொங்கும், இன்றைக்கும் பொங்கத்தான் செய்தது, ஆனால் பாதியில் எதிலோ மாட்டிக்கொண்டது. எதில் என்று தெரியவில்லை. சட்டைக் காலருக்குள் விழுந்த மயிர் மாதிரி. இருக்கிறது, குத்துகிறது, தேடினால் கிடைக்கவில்லை.

வழக்கமாக எத்தனை கேட்கும்? மூன்று. இந்த ஊர்ச் சங்கு பன்னிரண்டாவது, அது கேட்கும். மேற்கே புளியடித்துறை பதினொன்றாவது, அது கேட்கும். அதற்கும் மேற்கே கொக்குமடை பத்தாவது, மூன்று கிலோமீட்டர், காற்று நம் பக்கம் அடித்தால் கடைசியில் லேசாக ஒரு முனகல். இன்று இரண்டுதான். காற்று வேறு பக்கம் அடிக்கிறது, வேறென்ன. ஆடி முடிந்தும் காற்று முடியவில்லை. கொக்குமடை அவன் மாமனார் ஊர், பெண்டாட்டி உலகம்மை நேற்று சாயங்காலமே போய்விட்டாள், அவள் தங்கச்சி புதுவீடு பால்காய்ச்சி மூன்று நாளாகிறது, ஏழு பெண்கள் சேர்ந்து விசேஷ வீட்டு ஜமுக்காளம் முழுவதையும் இன்று ஆற்றில் போட்டுத் துவைக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் போனில் சொன்னாள், சாம்பார் சிந்தாத ஜமுக்காளம் ஒன்றுகூட இல்லை என்றாள், இவன் ம் என்றான், பாயசம் வேற என்றாள், ம் என்றான், "நான் பாட்டுக்குப் பேசுதேன், நீங்க ம்முன்னு மாடு மாதிரி" என்றாள். அப்போதுதான் இவன் சொன்னான், பதினொரு மணிக்குச் சங்கு ஊதும், ஊதினதும் மேலே ஏறிடு. அவள் சிரித்தாள். "உங்க சங்கை நம்பித்தானே ஊரே ஆத்துல எறங்குது. அது ஊதாத வரைக்கும் நாங்க அசைய மாட்டோம், போதுமா?" ஊதாத வரைக்கும் அசைய மாட்டோம். நல்ல மனைவி சொல்கிற பேச்சு. அது ஏன் இப்போது காதுக்குள் மறுபடி வருகிறது, இந்த மாடக்கண்ணு ஏன் கத்தியைத் தோல்வாரில் இப்படித் தீட்டுகிறார், சர் சர்ரென்று, யாரோ சருகு மேல் நடந்து வருகிற மாதிரி.

"தலையை ஆட்டாதீங்க அண்ணாச்சி" என்றார் மாடக்கண்ணு. "போன வாரம் ஒருத்தர் தும்மிட்டாரு. காது தப்பிச்சது அவர் பொஞ்சாதி தாலி பாக்கியம்." கத்தி வலது கிருதாவுக்குக் கீழே இறங்கியது. குளிர்ச்சி. ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு சங்கும் உயிரோடிருக்கிறேன் என்று தகவல் அனுப்பும், இன்று ஒன்பதாவது அனுப்பவில்லை, ஊசிப்பாறைச் சங்கு, குரங்கு ஒயரைக் கடித்துவிட்டது, அந்த அணைக்குப் பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை. செத்த சங்கை ஸ்கிரிப்டே கண்டுபிடித்துப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும், அந்த ஊருக்கு மோட்டார்சைக்கிளில் ஆள் போய் மைக்கில் கத்துவான். கடைப்படி ஏறும்போதே அறிக்கை போனுக்கு வந்துவிட்டது, பார்த்தான்: ஊதியது இருபத்திரண்டு, ஆள் போனது ஒன்று, ஆக இருபத்து மூன்று. இருபத்திரண்டும் ஒன்றும் இருபத்து மூன்று. இதைவிட என்ன வேண்டும். இருந்தாலும் அந்த மூன்றாவது முனகல் கேட்கவில்லையே. நகல் ஃபங்ஷனில் ஏதாவது? நகலில் ஒரு தடவை மாட்டியிருக்கிறான். முதல் வருஷம், பரீட்சை பார்க்கிறேன் என்று பட்டியலை நகலெடுத்து, நகலில் எல்லாச் சங்கையும் 'ஊது' என்று மாற்றினான். நகல் என்று அவன் நினைத்தது நகலே இல்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர், வீட்டில் கூப்பிடுகிற பெயரும் ரேஷன் கார்டுப் பெயரும் மாதிரி, இவனைக் கிள்ளினால் அவன் அழுவான். மத்தியானம் இரண்டரைக்கு இருபத்து மூன்று சங்கும் சேர்ந்து ஊதி, பதினான்கு ஊர் ஜனம் மலையேறியது. ஒரு ஊரில் கல்யாண வீடு, மாப்பிள்ளை பெண்ணோடு சாம்பார் அண்டாவையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், பாறை மேல் தாலி கட்டு, கழுதைப்புலி அட்சதை போட்டது. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்குச் சங்குமணி என்று பெயர். சரி, கழுதைப்புலி அங்கே கிடையாது, நரி. அந்தத் தப்பை அவன் அன்றே திருத்திவிட்டான். வெட்கப்பட்டான், திருத்தினான். அதில் யாரும் சாகவில்லை. ஊதாத நேரத்தில் ஊதினால் யாரும் சாவதில்லை. ஊத வேண்டிய நேரத்தில் ஊதாவிட்டால்தான்.

கண்ணாடியில் கடிகாரம் தெரிந்தது, பன்னிரண்டு இருபத்தைந்து. ஐயோ. பதினொன்றரைக்கு மதகு, அதற்கப்புறம் இருபது நிமிஷத்தில் கொக்குமடைக்குத் தண்ணீர் வந்துவிடும், எல்லாம் முடிந்து அரை மணிக்கு மேலாகிறதா, நான் தூங்கிவிட்டேனா? இல்லை, கண்ணாடி. கண்ணாடிக்குள் கடிகாரம் தலைமாறி ஓடுகிறது, உண்மையில் பதினொன்று முப்பத்தைந்து. மதகு திறந்து ஐந்து நிமிஷம். தண்ணீர் இப்போது குறுக்குப்பாலத்தைத் தாண்டியிருக்கும், முதலில் சத்தம் வராது, நுரைதான் வரும், பழுப்பு நுரை, சருகும் குச்சியும் சுமந்துகொண்டு கால் விரலைத் தொட்டுப் பார்க்கும், நாய்க்குட்டி மாதிரி. அப்புறம்தான் தாய். போன ஐப்பசியில் அப்படித்தான் வாத்துகள் வந்தன, அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், நினைக்காதே. அறுநூறு வாத்து, மேய்க்க ஆளில்லாமல், வெள்ளத்தில் ஜம்மென்று மிதந்து டவுன் பாலத்துக்கடியில் ஊர்வலம் போயின, ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது, அவனும் பார்த்தான். நாணல்திட்டில் கூடாரம் போட்டிருந்த வாத்துக்காரக் கிழவனை மூன்றாம் நாள் ஒரு கருவ மரத்தில் எடுத்தார்கள். குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான், சங்கு ஊதியது காதில் விழுந்திருக்காது என்று எழுதி முடித்தார்கள். அன்றைக்கு அவனும் அறிக்கையை எடுத்துப் பார்த்தான், இருபத்திரண்டும் ஒன்றும் இருபத்து மூன்று என்றே இருந்தது, மூடி வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டான், கூட்டு கத்தரிக்காய். கத்தரிக்காய்கூட ஞாபகமிருக்கிறது, அந்தக் கிழவன் பெயர் ஞாபகமில்லை.

"வரிசை கேட்டுட்டு வந்திருதேன்" என்றார் மாடக்கண்ணு. வந்திருதேன் என்றாலும் எங்கும் போகவில்லை, கத்தி கன்னத்தில் இருக்க, முகம் கண்ணாடியைப் பார்க்க, வாய் மட்டும் பின்னால் பெஞ்சை விசாரிக்கும், அதுதான் அவர் வழக்கம். யார் முதலில் வந்தது என்று ஒரு காலத்தில் அடிதடி நடந்து பெஞ்சே உடைந்துபோனதால் புதுப் பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி வைத்திருந்தார். ஃபேன் ஒன்றாம் நம்பருக்கு மேலே இருந்தது. அதனால் யாராவது எழுந்தால் மீதிப்பேர் ஆளுக்கொரு இடம் ஃபேனைப் பார்த்து நகர்ந்துவிடுவார்கள், சொல்லவே வேண்டாம், பிட்டம் தானாகவே நகரும். மாடக்கண்ணு ஆளைப் பார்க்கமாட்டார், நம்பரைத்தான் கூப்பிடுவார். ஆவுடையப்பன் கண்ணாடியில் பெஞ்சைப் பார்த்தான். ஒன்றில் போஸ்ட் ஆபீஸில் ரிட்டயர் ஆன நல்லபெருமாள், இரண்டில் மீசைக்குச் சாயம் போட வந்த ஒரு பஸ் டிரைவர், மூன்றில் யாரோ ஒரு வயசாளி, தலை ஈரம், சட்டை தோளோடு ஒட்டியிருந்தது, மூங்கில் கம்பு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார், நான்கில் ஆட்டு வியாபாரி பீர்முகமது.

"ஒண்ணு?"

"கட்டிங்" என்றார் நல்லபெருமாள். "இருக்கிற முடிக்குக் கட்டிங்னு சொல்லக்கூடாதுதான்."

"ரெண்டு?"

"மீசைக்கு டை."

"டை சாயங்காலம்தான் டிரைவர் சார். எந்திரிச்சிக்கிடுங்க. ஆறு மணிக்கு வந்தா வாலிபனா அனுப்புதேன்."

டிரைவர் முனகிக்கொண்டே எழுந்து போனார். பெஞ்சு நகர்ந்தது. ஈரத்தலை வயசாளி மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தார், பீர்முகமது நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தார்.

"மூணு?"

"ஷேவிங்" என்றார் பீர்முகமது. "தாடியை விட்டுட்டு மத்ததை எடுவே."

"நாலு? யாருமில்ல. சரி. ரெண்டு பேரு." மாடக்கண்ணு கத்தியைத் தாடைக்கு நகர்த்தினார். இரண்டு பேர். ஆனால் பெஞ்சில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஈரத்தலைக்காரரை யாரும் கேட்கவில்லை. அவர் மூன்றில் இருந்தபோது இரண்டைக் கேட்டார், அவர் இரண்டுக்கு வந்தபோது மூன்றைக் கேட்டார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பட்டியலில் அவர் இருக்கிறார், கேட்டவர் கண்ணில் மட்டும் அவர் இல்லை. ஆவுடையப்பன் சுவரிலிருந்த நம்பர்களை ஒன்றிலிருந்து மறுபடி எண்ணினான். தூக்கிப்போடும் ஃபங்ஷன். மேலிருந்து கீழே நடக்கும். ஒன்றாவது உயிரோடிருக்கிறதா, ஊது. இரண்டாவது, ஊது. ஒன்பதாவது செத்துவிட்டது, தூக்கு. தூக்கியதும் கீழே இருப்பதெல்லாம் ஒரு படி மேலே நகரும், பத்தாவது ஒன்பதாவதாகும், பதினொன்றாவது பத்தாவதாகும். அடுத்து என்ன? அடுத்து பத்து. பத்தில் இப்போது புளியடித்துறை. ஊது. கொக்குமடை ஒன்பதில் உட்கார்ந்திருக்கிறது, ஈரத்தலையோடு, வாயைத் திறக்காமல். ஊதவும் இல்லை, செத்ததென்று ஆள் அனுப்பவும் இல்லை. ஆனால் அறிக்கை? அறிக்கை ஊதியதை எண்ணுவதில்லை, நடந்து முடிந்தபின் பட்டியலில் மிச்சம் எத்தனை என்றுதான் எண்ணும், இருபத்திரண்டு, அவன்தான் அப்படி எழுதினான், ஒரு வரி மிச்சமென்று. சோதித்துப் பார்த்தானே. பார்த்தான், பார்த்தான், சோதனைக்குச் சாகடித்தது எப்போதும் இருபத்து மூன்றாவதைத்தான், கடைசியில் இருந்ததால் கைக்கு எளிதாக இருந்தது, அதற்குக் கீழே நகர யாருமே இல்லை, அதனால் ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது, மூன்று வருஷம் சரியாக வந்தது. ஊதாத வரைக்கும் நாங்க அசைய மாட்டோம். ஏழு பேர். ஜமுக்காளம் தண்ணீர் குடித்தால் ஆள் கனம், அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு ஆழத்தில் நிற்பார்கள், உலகம்மை எப்போதும் கடைசிப் படிக்கும் கீழே நிற்பாள், பாறை மேல், பாசி, அவளுக்கு நீச்சல் தெரியும் என்று சொல்வாள், அவள் நீந்தி அவன் பார்த்ததே இல்லை.

"நிறுத்துங்க" என்றான். கத்தி தொண்டைக் குழியில் இருந்தது. "பேசாதீங்க அண்ணாச்சி." "நிறுத்துங்க!" நிறுத்துங்க என்பதில் தொண்டை மேலும் கீழும் போய்வருகிறது, சிவப்பாக ஒரு கோடு, வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு. "சொன்னா கேக்கணும்லா!" என்று மாடக்கண்ணு படிகாரக் கட்டியைத் தேட, இவன் துணிக்கடியில் கையை விட்டுப் போனை எடுத்துவிட்டான். உலகம்மை போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மஞ்சப் பைக்குள் கிடக்கும், பை மேல் படியில் கிடக்கும், பை மேல் யாராவது ஈரத் துணியைப் போட்டிருப்பார்கள். தங்கச்சி போன் அணைந்திருந்தது. சொரிமுத்து உடனே எடுத்தான், வாயில் முறுக்கு.

"சொரிமுத்து, கொக்குமடை ஊதலைடே!"

"ஊதியாச்சுண்ணே. ரிப்போர்ட் பாக்கலியா? இருவத்திரெண்டும் ஒண்ணும்…"

"ரிப்போர்ட்டைக் கெடாசு! கையால அடி. பத்தாம் நம்பர். இப்பவே."

"பத்துதானே? அடிக்கேன். ஏன்ண்ணே கத்துதீங்க, எனக்கென்ன காது கேக்காதா."

அடித்தான். மேற்கிலிருந்து சங்குச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது, நீளமாக, அழுகை மாதிரி இனிமையாக. ஆவுடையப்பன் நாற்காலியில் சரிந்தான். வேர்வையும் நுரையும் ரத்தமும் கழுத்துக்குள் இறங்கியது, இறங்கட்டும். ஊதிவிட்டது. ஏறிவிடுவாள். சாயங்காலம் வந்து திட்டுவாள், லேட்டாகத்தான் ஊதியது உங்கள் சங்கு என்பாள், ம் என்று சொல்லக்கூடாது, இன்றைக்கு மட்டுமாவது ம் என்று சொல்லாமல் முழுப் பேச்சாகப் பேச வேண்டும். ராத்திரி அந்த ஃபங்ஷனைத் திருத்திவிட வேண்டும், கீழிருந்து மேலே நடக்கும்படி, கடைசியிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் எவன் எழுந்தாலும் நாம் ஏற்கெனவே கேட்டவன்தான் நகர்வான், கேட்காதவன் இடம் மாறமாட்டான், எவ்வளவு சின்ன விஷயம், ஒரு வரி, ஒரே ஒரு வரி. மாடக்கண்ணு படிகாரத்தை வைத்து அழுத்தினார், எரிந்தது, எரிச்சல்கூட நன்றாக இருந்தது. "யாருக்கு அண்ணாச்சி என்ன?" "ஒண்ணுமில்ல. சரியாயிட்டு." சரியாகிவிட்ட மனுஷனுக்கு அடுத்தவன் மேல் கரிசனம் பொங்கும், அது உலக இயல்பு. "நீங்க ஒருத்தரைக் கேக்காம விட்டுட்டீங்க, மாடக்கண்ணு. அந்த மூணாம் நம்பர் பெரியவரை."

"அப்படியா?" மாடக்கண்ணு திரும்பவில்லை. "மூணாம் நம்பர் பெரியவரே, கட்டிங்கா ஷேவிங்கா?"

"ஏ, எத்தனை தடவைவே கேப்பே? ஷேவிங்னு இப்பத்தானே சொன்னேன்!" என்றார் பீர்முகமது. "அதுவும் நான் என்ன பெரியவரா? இந்த நல்லபெருமாளைவிட எனக்கு ரெண்டு வயசு கம்மி."

மூணாம் நம்பர். ஆவுடையப்பனின் கை நாற்காலிப் பிடியில் அப்படியே நின்றது. நான் மூன்று என்றது ஈரத்தலைக்காரரை. எழுந்து வந்தது பீர்முகமதுவின் குரல். ஏனென்றால் நகர்ந்துவிட்டார்கள். நான் பத்து என்றேன். பத்தில் இப்போது கொக்குமடை இல்லை. ஒன்பதைத் தூக்கியாயிற்று, கொக்குமடை இப்போது ஒன்பது, பத்து புளியடித்துறை, புளியடித்துறைதான் இரண்டாவது தடவையாக ஊதியது, அதுவும் மேற்கேதான் இருக்கிறது, என் காது நான் கேட்க விரும்பியதைக் கேட்டது. ஒரே குழியில் இரண்டு தடவை, இரண்டு தடவையும் என் காலாலேயே நடந்துபோய். கண்ணாடியில் பன்னிரண்டு இருபது. இல்லை. பதினொன்று நாற்பது. பத்து நிமிஷம்.

"சொரிமுத்து, ஒம்பது! ஒம்பதை அடி!"

"ஒம்பதுதான் செத்துப்போச்சே அண்ணே. குரங்கு."

"செத்தது போயிட்டு. இப்ப ஒம்பதுல இருக்கிறது கொக்குமடை. பேரைப் பாத்து அடிடே, நம்பரைப் பாக்காத!"

முறுக்கு மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. "ஆமாண்ணே" என்றான் சொரிமுத்து, குரலில் தண்ணீர் வற்றிவிட்டிருந்தது. "ஒம்பதுல கொக்குமடைன்னு இருக்குண்ணே. பச்சை விளக்கு எரியல. நான் பாக்கலியே." மாடக்கண்ணு யாரும் சொல்லாமலே ஃபேனை அணைத்தார். கடைக்குள் நாலு பேரும் மேற்கே பார்த்து மூச்சைப் பிடித்தார்கள். ஈரத்தலைக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று காகிதத்தைத் தள்ளியது. எங்கோ பஸ் ரிவர்ஸ் எடுத்தது. அப்புறம், ரொம்ப தூரத்தில், கொசு ரீங்காரத்தை விட ஒரு நூல் பெரிதாக, அந்த முனகல். நல்லபெருமாள்தான் விரலைத் தூக்கினார். "அந்தா."

நான்கு நிமிஷம் அவன் எண்ணிய மாதிரி யாரும் எண்ணியிருக்க முடியாது. படித்துறையில் பதினெட்டுப் படி. உலகம்மையின் இடது முழங்கால் மழைக்காலத்தில் மடங்காது. ஜமுக்காளத்தை விட மாட்டாள், இரவல் வாங்கிய ஜமுக்காளம், விடு, விட்டுவிடு, நான் வாங்கித் தருகிறேன், நூறு ஜமுக்காளம். நுரை வந்திருக்கும். விரலைத் தொட்டிருக்கும். போன் அதிர்ந்தது.

"என்னங்க! உங்க சங்கு இப்பத்தான் ஊதுது, தண்ணி நிறமே மாறிட்டு! ரெண்டு ஜமுக்காளம் போச்சு!" பின்னால் பெண்கள் கூச்சல், அதற்கும் பின்னால் வேறொரு சத்தம், அடித்தொண்டையில் யாரோ தொடர்ந்து பேசுவது போல.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு. எண்ணிட்டேன். ஏழு பேரு."

"எப்ப எண்ணின?"

"என்ன கேள்வி இது? ஏறும்போதுதான்."

"ஏறும்போதா? ஆளு நகந்துக்கிட்டு இருக்கும்போதா? மேலேருந்தா கீழேருந்தா?"

"உங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

"உலகம்மா, தயவுசெஞ்சு கேளு. எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்லு. தண்ணிக்குப் பக்கத்துல நிக்கவளேருந்து ஆரம்பி. மேலே எண்ணிட்டு வா. பேரைச் சொல்லிச் சொல்லு."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அதனாலேயே அவள் பயந்துவிட்டாள். "பூரணம்" என்றாள். "சின்னப் பூரணம். சிவனம்மா. மதினி." நிறுத்தினாள். தண்ணீர் பேசியது. அவன் நாற்காலிப் பிடியின் ரெக்சினை நகத்தால் கிழித்துவிட்டான். "கோமு எங்க? ஏ கோமு!" யாரோ அழைத்தார்கள், யாரோ பதில் சொன்னார்கள், ஒரு அடி விழுகிற சத்தம், "பொதருக்குப் பின்னால நின்னு சேலையைப் பிழியுதா, மூதேவி. அஞ்சு. தங்கச்சி ஆறு. நான் ஏழு. போதுமா?" போதும், என்றான். ம் என்று சொல்லவில்லை. போனை மடியில் வைத்தான், அது சரிந்து தரையில் விழுந்தது, எடுக்கவில்லை.

"அந்தக் கன்னத்தை முடிச்சிருவமா அண்ணாச்சி?" என்றார் மாடக்கண்ணு, குரலைத் தாழ்த்தி. ஃபேன் மறுபடி சுற்றியது. ஏழு. ஏழும் சரி. ஆனால் தலை இன்னும் நடந்துகொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை, அது இப்போது கீழிருந்து மேலே நடந்தது, இன்றிலிருந்து பின்னால். இன்று ஒன்பதாவது செத்தது, பத்தாவது விட்டுப்போனது. இதற்கு முன் எப்போது செத்தது? போன ஐப்பசி. எது செத்தது? மூன்றாவது, இடி விழுந்து. அப்படியானால் விட்டுப்போனது? நான்கு. நான்காவது எந்த ஊர்? ஊர் இல்லை, ஊரே கிடையாது அங்கே, மணல் மேடு, மேய்ச்சல்காரர்கள் கூடாரம் போடுகிற இடம் என்பதால் ஒரு சங்கு வைத்தார்கள். நாணல்திட்டு. காதில் விழுந்திருக்காது என்று எழுதினார்கள். விழாதுதான். ஊதாத சங்கு எந்தக் காதில் விழும்? இருபத்திரண்டும் ஒன்றும் இருபத்து மூன்று. கூட்டு கத்தரிக்காய். ஆவுடையப்பன் மெதுவாகக் கண்ணை உயர்த்திக் கண்ணாடிக்குள் பெஞ்சைப் பார்த்தான். இரண்டாம் நம்பரில் ஈரத்தலை வயசாளி தலையை நிமிர்த்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைத் தோளில் ஒரு சின்ன வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. பெஞ்சுக்கடியில் சிமென்ட் தரை நனைந்திருந்தது. "மாடக்கண்ணு, ரெண்டாம் நம்பர்ல யாரு?" என்றான். மாடக்கண்ணு அன்றைக்கு முதல் தடவையாகத் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். "ரெண்டா? ரெண்டு காலியாத்தான் கெடக்கு அண்ணாச்சி. யாரோ தண்ணியைக் கொட்டி வச்சிருக்கான். அதான் பீர்முகமது பாய் நகராம இருக்காரு."

அவ்வளவுதான் கதை. அவன் அன்றிரவே அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டான், நல்ல பையன், இனி கீழிருந்து மேலேதான் நடக்கும், யாரும் விட்டுப்போக மாட்டார்கள். ஐப்பசி விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். இடது கன்னத்தை அவன் அதற்கப்புறம் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ததில்லை என்று உலகம்மை சொல்கிறாள், அதில் கொஞ்சம் கூட்டல் இருக்கலாம். இதையெல்லாம் நான் சொன்னதாக நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆற்றங்கரையில் யாரோ சொன்னான் என்று விட்டுவிடுங்கள், பேரைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், உங்களுக்கும் தெரியாதுதானே, அவனுக்கே ஞாபகமில்லையே. என்னை இதுவரை யாரும் கட்டிங்கா ஷேவிங்கா என்று கேட்கவில்லை, அதற்கும் வருத்தமில்லை. மனசு கேட்காமல் யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று சொல்லாமல். அந்த வாத்துக்காரன் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை.